எந்தத் திதி என்று தெரியும், எதனால் என்று?



திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா மூளையில் ரத்தக்குழாய் வெடித்துக் காலமானவர். இப்போது அக்காவுக்கும் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருப்பது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ‘இது குடும்பத்தில் வருமா? நானும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? காலேஜ் படிக்கும் என் மகளுக்கும் பார்க்கணுமா?’ என்று கேட்கிறார். பல வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் என்பதால் இந்தப் பக்கத்தையே அதற்கு ஒதுக்கிவிட்டேன்.

ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்துக்கொள்வதைத்தான் மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். 2024 அக்டோபரில், ரஜினிகாந்துக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வீக்கம் என்று சென்னை அப்போலோ மருத்துவமனை அறிவித்தது நினைவிருக்கும். மார்பைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தார்கள். இத்தகைய வீக்கம் மூளையிலும் வரலாம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கும் என்பது உலக அளவிலான கணிப்பு. பெரும்பாலானவை ஆயுசு முழுக்க வெடிப்பதில்லை. வெடித்துவிட்டால்தான் ஆபத்து, மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை.

குடும்பத்தில் வருமா என்றால், சில குடும்பங்களில் வரும். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் ஆகியோரே முதல்நிலை ரத்த உறவு. இவர்களில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ வீக்கமோ வெடிப்போ வந்திருந்தால், மற்றவர்களுக்கு ஸ்கேன் பார்ப்பது பொருத்தம் என்று அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் ஆபத்து சற்றே கூடுதல்; ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மூளையில் வீக்கம் காணப்படுகிறது. யாருக்கும் எதுவும் இல்லாத குடும்பத்தில், பயத்தால் மட்டும் தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அம்மா, அக்கா என்று உங்களுக்கு இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர். ஆஞ்சியோ என்ற ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது. பெரும்பாலும் ஊசிகூடப் போடாமல் எடுத்துவிடலாம். ஒன்றுமில்லை என்று வந்தாலும் சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லக்கூடும். இந்த வீக்கம் பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பதல்ல, வயது ஏற ஏற உருவாவது. உங்கள் மகளுக்குப் பாட்டியும் பெரியம்மாவும் இரண்டாம்நிலை உறவுதான். முதலில் உங்கள் ரிசல்ட் வரட்டும். அதைப் பொறுத்து அவளைப் பற்றிப் பேசலாம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமனாரே தாய்மாமாவாகவும் இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. மருத்துவரிடம் முறை சொல்லி அழைக்கும் பெயரைச் சொன்னால் குழப்பம்தான். யார் யாருக்குப் பிறந்தவர் என்று சொல்லுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் போட, முன்னோர் எதனால் இறந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டுமே! ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அவருடைய இடது கையில் வந்த கட்டி, அது சார்கோமா என்னும் புற்று என்பது, நடந்த நான்கு அறுவைச் சிகிச்சைகள் எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. அதைச் சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தத் தாத்தா எதனால் போனார் என்று தெரியும்? எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்பதைப் பிசகாமல் சொல்வோம். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயரையும் சொல்வோம். காரணம் கேட்டால், ‘தலை வலிக்குதுன்னு படுத்தார், எழுந்திரிக்கல’ என்பதோடு முடிந்துவிடும். பக்கவாதமா, மாரடைப்பா, வெடித்த ரத்தக்குழாயா, தெரியாது. அந்த ஒற்றை வரிகூட மருத்துவருக்கு உதவும். எத்தனை வயதில், திடீரென்றா, வாந்தி எடுத்தாரா, நினைவு தப்பியதா என்று சேர்த்துக் கேட்டு எழுதி வையுங்கள்.

வீக்கம் இருப்பதாகத் தெரிந்தால் உடனே ஆபரேஷன் என்றில்லை. சிறியதை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பல நேரம் போதும். தேவைப்பட்டால் மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடுவது உண்டு. 1937-ல் வால்டர் டேண்டி தொடங்கிவைத்த முறை அது. தொடை வழியாகக் குழாய் செலுத்திச் சுருள்கம்பியால் அடைப்பது இன்னொரு வழி. இரண்டிலும் ஆபத்து உண்டு என்பதால்தான் அவசரப்படுவதில்லை. திருவண்ணாமலைக்காரர்கள் நிபுணரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியதே பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில்தான்.

ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நம் கையில் இருப்பவை இரண்டு: ரத்த அழுத்தமும் சிகரெட்டும். வீக்கம் உருவாவதற்கும் வெடிப்பதற்கும் இவை துணைபோகின்றன. பௌர்ணமி விரதம் என்று பிபி மாத்திரையை விட்டுவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்காதீர்கள். வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரு நொடியில் இடிபோல் இறங்கினால், கூடவே வாந்தியோ, கழுத்து இறுக்கமோ, மயக்கமோ, ஒரு பக்க இமை தொங்குவதோ இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

உங்கள் பாட்டி இறந்தபோது பக்கத்தில் இருந்த அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ இப்போது எண்பது வயது நெருங்கியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்