அந்நியனா, விருந்தாளியா?



இம்முறை கிரேக்க நாட்டுக்குப் போய் வருவோம். கப்பல் கட்டணம் வேண்டாம். ஒரு சொல் போதும். 'க்ஸெனோஸ்' என்பது அச்சொல். முன்பின் அறியாத அந்நியன் என்பதும் அதற்குப் பொருள். விருந்தாளி என்பதும் பொருள். இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. பழந்தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. சொந்தக்காரர் அல்லர், புதிதாய் வாசலுக்கு வந்தவரே விருந்தினர்.

கிரேக்கரின் பழம்பெருங் காப்பியமான ஹோமரின் 'ஒடிஸி'யில், வாசலுக்கு வந்தவனுக்கு முதலில் உணவு கொடுப்பார்கள். அவன் உண்டு முடித்த பிறகே, "நீ யார், எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அந்நியரைக் காப்பவர் தங்கள் தலைமைக் கடவுளான ஸியூஸே என்று அக்காலத்து மக்கள் நம்பினர்.

காப்பியத்தில் உள்ளது வாழ்க்கையிலும் உண்டா? ஓர் ஆங்கிலேயரின் கதையைப் பார்ப்போம். பேட்ரிக் லீ ஃபெர்மோர் என்பது அவர் பெயர். 1933 டிசம்பரில், பதினெட்டு வயதில், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு ஹாலந்திலிருந்து கால்நடையாகவே துருக்கியை நோக்கிப் புறப்பட்டார். பிறகு கிரேக்கத்துக்குள் வந்து, 1935 பிப்ரவரியில் தம் இருபதாம் பிறந்த நாளை ஆதோஸ் மலையில் உள்ள ஒரு மடாலயத்தில் கழித்தார். வழிப்போக்கருக்குப் படுக்கையும் உணவும் தருவது அங்குள்ள துறவிகளின் வழக்கம்.

நம் தோட்டங்களுக்கு வந்த வெள்ளைக்காரர் துரையாக வந்தார், பங்களாவில் இருந்தார். இவரோ கிரேக்க மொழியைக் கற்றார். இடையரோடு தரையில் அமர்ந்து உண்டார்.

'மானி' என்ற தமது நூலில் (1958) அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கலமாத்தா என்னும் துறைமுக நகரில் ஒரு நாள் தாங்க முடியாத வெப்பம். கடலோரச் சாப்பாட்டுக் கடையில் இருந்த அவரும் நண்பர்களும், மேசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய், உடுத்த உடையோடு இடுப்பளவு கடல் நீரில் உட்கார்ந்துவிட்டார்கள்! பரிமாறுபவர் வந்து பார்த்தார். கோபிக்கவில்லை. தட்டுகளோடு தாமும் தண்ணீரில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல உணவை மேசைமேல் வைத்தார். கரையில் இருந்தவர்களோ மகிழ்ந்து, தங்கள் செலவில் அவர்களுக்கு மது அனுப்பினார்கள்.

கிரேக்க வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? தட்டில் ஒரு சிறு கரண்டி பழப்பாகு, ஒரு குவளை குளிர்ந்த நீர், பிறகு கோப்பி. நாரத்தை போன்ற கசப்பு ஆரஞ்சின் தோல், புளிப்புச் செர்ரி ஆகியவற்றைச் சர்க்கரையில் காய்ச்சி வைத்திருப்பார்கள். எவ்வளவு ஏழை வீடானாலும் இந்தத் தட்டு வந்துவிடும். வேண்டாம் என்று மறுத்தால் வீட்டுக்காரரின் மனம் நோகும். அதற்குக் காசு நீட்டினால் அவமானம். விருந்தளிப்பவருக்கு மட்டுமா கடமை? பெற்றுக்கொள்ளத் தெரிவதும் விருந்தாளியின் கடமைதான்.

புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. 'நே' என்றால் 'ஆம்'. தலையைச் சற்று மேலே தூக்கி 'த்ச்' என்று உச்சுக் கொட்டினால் 'இல்லை'. கடையில் "ஐந்து கொடு" என்று விரல்களை விரித்து உள்ளங்கையை எதிரே நீட்டிவிடக் கூடாது. அது பெரிய வசவு! குழந்தையை அழகு என்று புகழ்ந்தால், கண்ணேறு படாதிருக்க மூன்று முறை துப்புவது போல் 'ஃப்தூ' என்பார்கள். நம் பாட்டிமார் அங்கே போனால் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

விருந்தோம்பலுக்கு விலையும் உண்டு. 1941-இல் ஜெர்மானியர் கிரீட் தீவைக் கைப்பற்றினர். ஃபெர்மோர் இடையனைப் போல் வேடமிட்டு, அத்தீவின் மலைக்குகைகளில் மறைந்திருந்து எதிர்ப்புப் படையினரோடு உழைத்தார். ஊரார் தங்கள் பட்டினியிலும் ரொட்டியைப் பகிர்ந்தனர், காட்டிக்கொடுக்கவில்லை. 1944 ஏப்ரலில் அவரும் தோழர்களும் ஜெர்மானியத் தளபதி ஒருவரைச் சிறைபிடித்து மலைவழியே கடத்திச் சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அனோயா என்ற மலையூரை ஜெர்மானியர் தரைமட்டமாக்கினர். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று, தளபதியைக் கடத்தியவர்களுக்கு அவ்வூர் இடம் கொடுத்தது என்பதே. போருக்குப் பின் ஃபெர்மோர் கர்தமீலி என்ற கடலோரச் சிற்றூரில் வீடு கட்டி வாழ்ந்தார். 2011-இல் தமது 96-ஆம் வயதில் மறைந்தார்.

அந்நியனின் துன்பம் கிரேக்கருக்கு எப்படிப் புரிந்தது? 'க்ஸெனோஸ்' என்ற சொல்லிலிருந்தே 'க்ஸெனித்யா' என்ற சொல்லும் பிறந்தது. பிழைப்புத் தேடிப் பிற நாட்டில் வாழும் வாழ்வு என்று அதற்குப் பொருள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று லட்சக்கணக்கான கிரேக்கர் போனார்கள். அந்த ஏக்கத்தைப் பாட அவர்களிடம் தனி நாட்டுப்பாடல்களே உண்டு. 1922-இலும் அதை அடுத்தும் துருக்கியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 12 லட்சம் பேர் அகதிகளாகக் கிரேக்கத்தை அடைந்தனர்.

அவர்களில் பலர் குடியேறிய தீவுகளில் ஒன்று லெஸ்வோஸ். 2015-இல் சிரியா, ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து தப்பிக் கடல்வழியாக 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்கம் வந்தபோது, பெரும்பகுதியினர் கரையேறியது அத்தீவில்தான். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு மனிதரை மீட்டனர். பாட்டிமார் நனைந்த குழந்தைகளுக்குப் பால் புகட்டினர். ஆண்டுகள் செல்லச் செல்ல முகாம்கள் நிரம்பி வழிந்தன, மனக்கசப்பும் வளர்ந்தது. 2020 செப்டம்பரில் அங்கிருந்த மோரியா முகாம் எரிந்தே போனது. ஒரு நாள் விருந்தளிப்பது எளிது, பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்வது கடினம் என்பதையும் அத்தீவு நமக்குச் சொல்கிறது.

நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்திறங்கிய நாளில் அவர்களும் 'க்ஸெனோஸ்'தான். இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். அவர்களின் ஊர்ப்பெயரும் தெரியாமல், 'அவன்', 'இவன்' என்று பேசும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. பிள்ளைகளும் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் நம் வாசல் வழியே வந்தால், முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுப்போம். பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.