காப்பிரியைக் காட்டேரி ஆக்கலாமா?

நம் மன்றக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தாம் எழுதத் தொடங்கியிருக்கும் நாவலின் கதையைச் சொன்னார். இடம் கொச்சி; காலம் 1663. போர்த்துக்கீசியத் துரை ஒருவன் தன் ஆப்பிரிக்க அடிமையைக் கொன்று புதைக்கிறான். அடிமை இரத்தக் காட்டேரியாக எழுகிறான். இரவுதோறும் மட்டாஞ்சேரித் தெருக்களில் திரிந்து, அகப்பட்டவர் கழுத்தைக் கடித்துக் குருதி குடிக்கிறான். முடிவில் வீரன் ஒருவன் வந்து அவனை ஒழிக்கிறான். ஊர் நிம்மதியாக உறங்குகிறது.

கேட்டிருந்த தோழர் ஒருவர், "பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பேய்க்கதையா எழுதுவது?" என்று கடிந்துகொண்டார். எனக்கு அந்த மறுப்பு இல்லை. பேயைப் பாடிப் பரணி கண்ட மொழி நம் மொழி. தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்ட காரைக்கால் அம்மையாரின் மொழி. பேய் உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி. பேய்க்கதை எதைச் சொல்ல வருகிறது என்பது வேறு கேள்வி. பகுத்தறிவாளனும் இரண்டாவது கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். என் மறுப்பெல்லாம் ஒன்றே: நண்பர் தவறான ஆளின் வாயில் கோரைப்பல்லை வைத்துவிட்டார்.

கலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்க்கு விளையாட்டரங்குக்கும் திரைப்படக் கொட்டகைக்கும் வழி தெரியும். எர்ணாகுளம் துறையில் படகேறி, மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கு வரை போனவர் எத்தனை பேர்? அங்கே கோபுரம் இல்லை. ஆடம்பரம் ஏதும் இல்லை. சிறியதோர் இடம், விளக்கு ஏற்றுகிறார்கள், மெழுகுவத்தி வைக்கிறார்கள். சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். இன்ன மதத்தார்தாம் வரலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. அங்கே இருப்பவர் காப்பிரி முத்தப்பன். 'காப்பிரி' என்பது ஆப்பிரிக்கரைக் குறிக்க அராபியரிடமிருந்து போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து இக்கரைக்கு வந்த சொல். இகழ்ச்சியாக வந்த சொல். 'முத்தப்பன்' என்பதோ பாட்டனை அழைக்கும் சொல். விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலில் வந்தவனை இந்த ஊர் பாட்டன் முறை வைத்து அழைக்கிறது.

வாய்மொழிக் கதை இதுதான். 1500இல் கொச்சிக்கு வந்த போர்த்துக்கீசியர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே கோலோச்சினர். 1663 சனவரியில் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். பிடிபடுமுன், திரட்டிய செல்வத்தைச் சுவர்களிலும் மரத்தடிகளிலும் புதைத்த துரைமார், அதற்குக் காவலாகத் தம் அடிமைகளையும் கொன்று உடன் புதைத்தார்களாம். உயிரோடிருந்தபோது உழைப்பைக் கொடுத்தான்; செத்த பிறகும் காவல் வேலை! அந்தக் காப்பிரிதான் இன்றும் மதில்மேல் அமர்ந்து சுருட்டுப் புகைக்கிறான் என்பர். வழி தவறியவர்க்கு வழி காட்டுகிறான் என்பர். கவனியுங்கள், நண்பர்களே! கொல்லப்பட்டவனிடம் ஊர் கேட்பது உதவி. அவனுக்குக் கொடுப்பது கள். இதில் குருதி எங்கே வந்தது?

"பழிவாங்கட்டுமே, அதில் என்ன குற்றம்?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் யாரைப் பழிவாங்குவது? கோட்டை வீழ்ந்தபின் போர்த்துக்கீசியர் உடன்படிக்கைப்படி கப்பலேறிப் போய்விட்டனர். நள்ளிரவில் எழுந்து வரும் காட்டேரியின் கையில் அகப்படுபவர் வலைஞரும் புலையரும் சுமைகூலிகளும்தாம். டச்சுக்காரர் தம் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்ததாகச் சொல்லப்படும் நம் வண்ணார் குடிகள் இன்றும் கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கின்றன. கதை சில தலைமுறை நீண்டால் அவர்கள் கழுத்தும் தப்பாது. துரையின் பாவத்துக்கு வண்ணான் கழுத்தா?

மேனாட்டு இலக்கியத்தில் இரத்தக் காட்டேரி யார் என்று பாருங்கள். ஜான் பொலிடோரி எழுதி 1819இல் வெளிவந்த கதையில் அவன் ஒரு பிரபு. பிராம் ஸ்டோக்கர் 1897இல் படைத்த டிராகுலாவும் கோட்டையும் நிலமும் உடைய பிரபுதான். குடியானவர் குருதியில் கொழுப்பவன் மாளிகையில் இருக்கிறான் என்பதை அந்த எழுத்தாளர்கள் நினைத்தோ நினையாமலோ சொல்லிவிட்டனர். ஆனால் அதே 1819இல் நியூயார்க்கில் 'கறுப்புக் காட்டேரி' என்ற பொருளில் பெயரிட்ட சிறு நூல் ஒன்று வெளிவந்தது. கதை நடக்கும் இடம் செயின்ட் டொமிங்கோ தீவு. தோட்ட முதலாளி கொன்ற ஆப்பிரிக்கச் சிறுவன் காட்டேரியாகத் திரும்பி வருகிறான். அந்தத் தீவில்தான் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804இல் எய்தி என்ற தனிநாடு கண்டனர். முதலாளிகள் நெஞ்சில் இருந்த நடுக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அடிமையின் முகம் அகப்பட்டது. நம் நண்பர் அந்நூலின் பெயரையும் கேட்டவரில்லை. இருந்தும் இருநூறு ஆண்டு கழித்து அதே அச்சத்தை, கூசாமல், தமிழில் எழுத உட்கார்ந்திருக்கிறார்!

இதை மாற்றி எழுத முடியாதா? முடியும்; எழுதியும் இருக்கிறார்கள். ஜுவெல் கோமெஸ் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1991இல் வெளியிட்ட நாவலில், 1850இல் லூசியானாவில், அடிமைத் தோட்டத்திலிருந்து தப்பியோடிய சிறுமி காட்டேரியாகிறாள். அவள் குருதி பெறுகிறாள். ஆனால் கொல்வதில்லை, பெற்றதற்கு ஈடாக ஏதேனும் ஒரு நன்மையை விட்டுச் செல்கிறாள். எடுத்ததற்கு ஈடு கொடுக்கும் காட்டேரி! அடிமை முதலாளி ஒருவனும் செய்யாத காரியம் அது.

இனி நாம் பேசக் கூசும் செய்திக்கு வருவோம். அடிமைமுறையை வெள்ளையன் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று எழுதிவிட்டால் நமக்கு நல்ல தூக்கம் வரும். உண்மை அதுவன்று. புலையரும் பறையரும் இந்த மண்ணிலேயே நிலத்தோடு விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர். கொச்சி அரசு அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது 1854இல், திருவிதாங்கூர் 1855இல். குட்டநாட்டில் வரப்பு உடைந்தால் புலையனை உயிரோடு வைத்து அடைத்தார்கள் என்ற வாய்மொழிச் செய்தி இன்னும் உலவுகிறது. காப்பிரியைப் புதைத்த கதைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே காத்தது பொன். இங்கே காத்தது நெல். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை ஒருவனுக்கும் விற்ற அந்தக் கொடுமையை, பொய்கையில் யோகன்னான் (1879-1939) தம் மக்கள் மறவாதபடி பாட்டாகப் பாடிவைத்தார். கொச்சி பற்றி எழுதப் புகுவோர் அவரைப் படிக்காமல் பேனாவைத் தொடலாகாது என்பேன்.

தமிழ்க் கரையில் மட்டும் என்ன வாழ்ந்தது? டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியது 1658இல். அதை அடுத்த பஞ்ச ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றப்பட்டனர். வாங்கியவன் அயலான்தான், பிடித்துக் கொடுத்தவரிலும் தரகு பேசியவரிலும் நம்மவர் இல்லையா?

நண்பருடைய நாவலுக்கு உண்மையான மாளிகை ஒன்று இருக்கிறது. அது திரான்சில்வேனியாவில் இல்லை. சென்னை எழும்பூரில் இருக்கிறது. கொச்சி டச்சு ஆட்சியின் பழைய ஆவணங்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் உள்ளன. அடிமைகளை விற்று வாங்கிய பத்திரங்களும் அவற்றுள் அடங்கும்: ஆளின் பெயர், வயது, சாதி, விற்றவன், வாங்கியவன், விலை. அங்கிருந்து கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் இறங்கியவர்க்குச் சொந்தப் பெயரும் இல்லை. 'மலபாரிலிருந்து வந்தவன்' என்று பொருள்படும் டச்சுச் சொற்களே குடும்பப் பெயராயின. குருதி குடிப்பவனைத் தேடி நள்ளிரவில் மட்டாஞ்சேரியில் அலைவானேன்? பட்டப்பகலில், மேசைக்கு முன் உட்கார்ந்து, மைக்கூட்டில் இறகைத் தொட்டு, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விலை எழுதுகிறானே, அவன் வாயில் அன்றோ பல் முளைக்கவேண்டும்!

காட்டேரி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாம் திரைப்படம் பார்த்துவிட்டு 'வேம்பயர்' என்பதற்கு அதை ஈடாக வைத்துக்கொண்டோம். நம் ஊர்ப்புறத்தில் காட்டேரி ஒரு தாய்த் தெய்வம். அஞ்சியும் கும்பிடுவர், பிள்ளைக்காகவும் கும்பிடுவர். ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை 1830களில் ஒழித்துவிட்டு, அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியபோது, தமிழர் அவளையும் உடன் கொண்டுபோயினர். இன்றும் கயானாவில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தோர் அவளுக்குப் பூசை செய்கின்றனர். அடிமை விட்டுச் சென்ற வரப்பில் கூலி கால் வைத்தான். அவன் மடியில் காட்டேரி இருந்தாள். நாவல் என்றால் இதுவன்றோ நாவல்! கொச்சியில் புதையுண்ட ஆப்பிரிக்கனையும் கயானாவுக்குப் போன தமிழச்சியின் தெய்வத்தையும் ஒரே கதையில் சந்திக்கவைக்கும் துணிவு நம்மில் ஒருவருக்கும் வராதா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எழுத்தாளனுக்குக் கட்டளையிட நான் யார் என்று நண்பர் கேட்டார். யாருமில்லை. அவர் விரும்பியதை எழுதலாம். ஆனால் மங்காட்டுமுக்கில் சுருட்டு வைத்துவிட்டுப் போகிற ஒரு பாட்டியிடம் அந்த நாவலைப் படித்துக் காட்ட அவரால் முடியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். "உம் பாட்டனைப் பற்றி எழுதினால் பொறுப்பீரா?" என்று அவள் கேட்டால் என்ன விடை?

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நேற்று வந்து, வீரன் வரும் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். எஞ்சியதை என்ன செய்வதென்று தெரியவில்லையாம். விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் எழும்பூரில் இறங்கப் போகிறார்; என்னையும் கூட வரச்சொல்லியிருக்கிறார்.