பத்து அறைக்கு ஒரு கக்கூஸ்!

திருப்பூரில் பல்லடம் ரோட்டில் வீரபாண்டிப் பிரிவில் இறங்கி, உள்ளே கொஞ்சம் நடந்து பாருங்கள். பஞ்சாயத்தாக இருந்த ஊர். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. லைன் வீடுகள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. கடைசியில் எல்லாருக்குமாக ஒரு கக்கூஸ்!

2024 ஜூலையில் தமிழக அரசு ஒரு சலுகை தந்தது. 2,500 சதுர அடி மனைக்குள், 3,500 சதுர அடிக்கு மிகாமல் வீடு கட்டினால் சுயசான்று போதும். ஆன்லைனில் உடனே அனுமதி. நல்ல விஷயம். ஆனால், யாருக்கு? மனை வைத்திருப்பவருக்கு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு மனை ஏது சாமி?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம், 'ஒரு மனைக்கு ஒரே குடும்பம்' என்ற விதியைத் தூக்கிப்போட்டு, மூன்று குடித்தனம் வரை அனுமதிக்க 2018-ல் முடிவெடுத்தது. நம் ஊரில் பல குடித்தனத்துக்குத் தடையில்லை. கண்டுகொள்ள ஆளில்லை, அவ்வளவுதான்.

'லைன் வீடுகளை இடியுங்கள்' என்று குதிக்கிறவர்களே... இடித்தால் அவர்கள் எங்கே படுப்பார்கள்? தையல் மெஷின் மேலேயா?

பி.காம். படித்த புத்திக்கு ஒரு கணக்கு தோன்றுகிறது. பத்து அறை கட்டினால் பத்து வாடகை. பத்து கக்கூஸ் கட்டினால் கூடுதலாக ஒரு பைசா வராது. பிறகு எந்த ஓனர் கட்டுவார்? ஜன்னல், குழாய், வீட்டுக்கொரு கக்கூஸ்... இவற்றோடு வாடகை வீடு கட்டுகிறவருக்கும் அதே உடனடி அனுமதியைக் கொடுங்கள். வரியிலும் கொஞ்சம் குறையுங்கள். இல்லாமல் கட்டினால் பிடியுங்கள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுக்கிறவர், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க ஓர் இடம் கேட்கிறார். அது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.