மாடியில்லாத வீட்டுக்கு ஒரு வக்காலத்து

“அஸ்தினாபுரத்திலே என்ன ஐயா சரித்திரம் கிடக்கிறது?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் படித்தவர்கள்; ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போய்ப் பல்லவன் பெருமை பேசுகிறவர்கள். சரித்திரம் என்றால் அது கல்லில் இருக்கவேண்டும், அல்லது வெள்ளைக்காரன் கட்டியதாக இருக்கவேண்டும் இவர்களுக்கு. 1931-ல் தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. அந்த ரயிலை நம்பி, பட்டணத்து வாடகைக்குத் தப்பி வந்த குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தப் பக்கங்களில் கட்டிக்கொண்ட மாடியில்லாத வீடுகள், இவர்கள் கண்ணுக்கு வீடே அல்ல, வெறும் ‘கிரவுண்டு’. விலை பேசும்போது மண்ணுக்குத்தான் மதிப்பு. கட்டடத்துக்குக் காலணா கிடையாது.

அந்த வீட்டை ஒழுங்காகப் பார்த்தவர் எத்தனை பேர்? 2400 சதுர அடி மனையில் பாதியைக்கூட வீடு தொடாது. தெருவைப் பார்த்த வராந்தா, கூடம், இரண்டு அறை, சமையலறை; கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை. பிற்பகல் கடற்காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போகும். பழைய வீடுகளுக்குக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் சின்ன அச்சுக்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. (இன்று அதைச் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பாருங்கள்!) பிறகு கான்கிரீட் வந்தது. சிமெண்டோ சர்க்கார் கட்டுப்பாட்டில். 1982-ல் ஓரளவு தளர்ந்து, 1989-ல்தான் அது முழுதும் நீங்கிற்று. கடன் வாங்கி, சிமெண்டுக்குக் காத்திருந்து கட்டியவன், மாடிக்குப் படிக்கட்டை மட்டும் கட்டி வைத்தான். மாடியை மகனுக்கு விட்டான்.

இதே காலத்தில் இதே வகைக் குடும்பங்களுக்காக அமெரிக்காவிலும் தரையோடு தரையாக நீண்ட வீடுகள் எழுந்தன. ராஞ்ச் ஹவுஸ் என்பார்கள். பண்ணைவீடு என்று பொருள். கிளிஃப் மே என்பவர் 1930-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிவைத்த பாணி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்தத் தேசமெங்கும் பரவியது. அது தெருவுக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்க்கும். நம்முடையது வராந்தாவில் உட்கார்ந்து தெருவில் போகிறவரை விசாரிக்கும். வித்தியாசம் அங்கேதான். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், ஐக்லர் என்ற வியாபாரி 1960-களில் கட்டி விற்ற பால்போவா ஹைலண்ட்ஸ் வீட்டு வரிசைகளை 2010-ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் ஆக்கிற்று. அரண்மனையையல்ல, தவணையில் வாங்கிய வீடுகளை! அதே 2010-ல் நமது உயர்நீதிமன்றமும் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கக் குழு வேண்டும் என்றது. குழு வந்தது. குமாஸ்தா வீடு யார் நினைவுக்கு வந்தது?

இன்னும் வேடிக்கை, அப்பா வைத்த தேக்குக் கதவைப் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட்டு, காரைக்குடிக்குப் போய் யார் வீட்டுத் தூணையோ விலைக்கு வாங்கிவந்து புது ஃபிளாட்டின் வரவேற்பறையில் நிறுத்துகிறார்களே, அது. கேட்டால் ‘பாரம்பரியம்’ என்கிறார்கள்.

“ஜனங்கள் எங்கே குடியிருப்பார்கள்?” என்பது நியாயமான கேள்வி. ஒழுகும் கூரையின்கீழ் தனியாக இருக்கும் கிழவியிடம், விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 2019-ல் வந்த விதிகள் மனையின் பரப்பைப்போல் இரு மடங்கு கட்ட இடம் தருகின்றன, கட்டட்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு தரகர், “இந்தச் செங்கல்லுக்கா மாமி இவ்வளவு யோசனை?” என்றாரே, அந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அன்று தண்ணீரைக் கொஞ்சமேனும் குடித்த மண், இந்த வீடுகள் கட்டாமல் விட்ட மண்தான். கிணற்றை மூடிக் கார் நிறுத்துகிறவர்கள் அதையும் கணக்கில் எழுதட்டும்.

நான் கேட்பது கொஞ்சம்தான். இடிக்க அனுமதி கொடுக்கும் தாம்பரம் மாநகராட்சி, அதற்கு முன் வீட்டை அளந்து ஒரு வரைபடமும் பத்துப் புகைப்படமும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ராஞ்ச் ஹவுஸைப் பாடமாகப் படிக்கும் கட்டடக்கலை மாணவர்களை அனுப்பட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், ஓர் அளவு நாடா, அரை நாள்.