விற்றவரே கட்டித் தர வேண்டும்

பொருளை விற்பது வேறு, அதை அனுப்பிவைப்பது வேறு என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விலை பேசுவதில் காட்டும் ஊக்கத்தில் பாதியைக்கூடப் பெட்டி கட்டுவதில் காட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், சித்தியின் வீணை புனாவில் கழுத்தொடிந்து இறங்கும் வரை.

கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகள் வீணை கற்பித்த சித்தி காலமானபோது வீட்டில் இரண்டு வீணைகள் இருந்தன. ஒன்று, குடம், தண்டி, கழுத்து மூன்றும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. மற்றது, தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணை, மாணவிகள் பழகியது. வாசிக்கத் தெரியாத எங்களிடம் தூசி படிந்து கிடப்பதைவிட வாசிப்பவர் கைக்குப் போவதே முறை என்று விற்க முடிவு செய்தோம். ஒட்டு வீணையைப் புனாவில் வசிக்கும் ஓர் அம்மையார் தம் மகளுக்காக வாங்கினார். முழுப் பணத்தையும் முன்னதாகவே அனுப்பிவிட்டார். நான் செய்ததெல்லாம் அதை ஒரு பார்சல் நிலையத்தில் கொண்டுபோய் விட்டதுதான். அங்கிருந்தவர்கள் வைக்கோலும் சாக்கும் சுற்றி, சணற்கயிற்றால் இறுக்கி, மேலே 'உடையும் பொருள், கவனம்' என்று எழுதினார்கள். நிம்மதியாக வீடு திரும்பினேன். ஆறாம் நாள் தொலைபேசி வந்தது. "சார், யாளி முகம் தனியா வந்திருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இழப்பு யாருடையது? வழக்கறிஞரான நண்பர் ஒருவர், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருளை வண்டிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்தது போலத்தான் என்று ஆறுதல் சொன்னார். அந்த 39ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். நண்பர் சொன்னது அதன் முதல் பாதி. பொருளின் தன்மைக்கு ஏற்றவாறு வண்டிக்காரருடன் தக்க ஏற்பாடு செய்து அனுப்பவேண்டியது விற்பவரின் கடமை, அதில் தவறினால் வாங்கியவர் அந்த ஒப்படைப்பை ஏற்க மறுக்கலாம் என்கிறது மறுபாதி. நம் ஊரில் முதல் பாதியை அறிந்தவர்களே அதிகம்.

பார்சல் நிறுவனத்தாரோ, ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாத சரக்குக்கு, வாடகையைப் போலப் பத்து மடங்கையே இழப்பீட்டின் எல்லையாக வைக்கின்றன. நான் மதிப்பைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்காதது அவர்கள் குற்றம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சொல்லாதது என் குற்றம். ஆசாரிக்கான கூலியை நானே அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் அதே பார்சல் நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்தபடி, சுமை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு மோட்டாரை இரண்டு பேர் குனிந்து, மூச்சுப் பிடித்து, மெல்ல இறக்குகிறார்கள். நாற்காலியை ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கி எறிகிறார், மேலே நிற்பவர் பிடிக்கிறார். பெரிதாகவும் இலேசாகவும் இருப்பதுதான் பொருளுக்கு ஆபத்து. நான்கடி நீளமுள்ள வீணை எட்டுக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உள்ளே வெறும் காற்று. இரவு இரண்டு மணிக்கு நூறாவது மூட்டையைத் தூக்குகிறவர் எழுத்தைப் படிப்பதில்லை, எடையைத்தான் படிக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஏகாண்ட வீணையை மைசூரில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்டபோது, அதைக் கனமாக்கி அனுப்புவது என்று தீர்மானித்தேன். பேசி முடித்தது சித்திரையில். வீணையின் 24 மெட்டுகளும் கறுத்த மெழுகுப் படுகையில் பதிந்தவை; மூடிய லாரியின் வெக்கையில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், மேளத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆடி கழியட்டும் என்றேன். சம்மதித்தார்.

சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றினேன். பிருடைகளைத் திருகித் தந்திகளைத் தளர்த்தினேன். தந்திகளின் இழுப்பு இல்லாவிட்டால் குதிரை நிற்காது. அதையும் எடுத்துப் பஞ்சில் பொதிந்தேன். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே மடித்த துணி. தச்சர் செய்து தந்த சட்டப்பெட்டியில் குடத்துக்கு ஒரு தொட்டில், கழுத்துக்கு ஒரு தாங்கல். மெட்டுகளின்மேல் எதுவும் அழுந்தக் கூடாது, குலுக்கினால் உள்ளே எதுவும் அசையவும் கூடாது. இடைவெளிகளைச் சித்தியின் நூல்புடவைகளால் நிரப்பினேன். (வைக்கோல் இரண்டு நாளில் அமுங்கிவிடும். துணி அப்படி எளிதில் இடம் விடாது.) பெட்டியோடு முப்பத்தைந்து கிலோ. இனி ஒருவரால் எறிய முடியாது. மதிப்பையும் எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினேன்.

இவ்வளவு செலவு எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. விமானக் கூரியர்கள் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை கணக்கிடுவது வழக்கம். 140க்கு 50க்கு 50 என்றால் 70 கிலோ. இந்தக் கணக்கைக் கண்டு மிரண்டுதான் மக்கள் பெட்டியைச் சுருக்குகிறார்கள், பஞ்சைக் குறைக்கிறார்கள். நான் லாரியில் அனுப்பினேன். தச்சுக்கூலியையும் வாடகையையும் முதலிலேயே விலையோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, கட்டுவதில் மிச்சம் பிடிப்பது நேர்மையான வியாபாரம் ஆகாது.

நான்காம் நாள் மாலை பெரியவர் அழைத்தார். ஸ்ருதி சேர்த்துவிட்டாராம், ஒரு மெட்டும் அசையவில்லையாம். புடவைகளைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வீணைக்கு உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.