கரண்டும் வெளியிலிருந்து வாங்கும் இடுபொருள்தான்

உரம் வாங்காதே, மருந்து வாங்காதே, விதையை நீயே எடுத்து வை என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். கரண்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. தோட்டத்துக்கு அது இலவசமாக வருவதால், வெளியிலிருந்து வருகிற இடுபொருள் என்பதே மறந்துபோச்சு.

2012-ல் இருந்தது பற்றாக்குறை. எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று ஓரளவு தெரியும், அதற்குத் தக்கபடி தண்ணி பாய்ச்சினோம். இப்போது கார்த்திகை, மார்கழியில் வருவது வேறு மாதிரி. மேட்டூரில் மின்சாரம் தயாராகிக்கொண்டே இருக்கும். நம்ம தோட்டத்துக்கு வருகிற கடைசிக் கம்பி அறுந்து கிடக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலோரத்து சமாச்சாரம், நமக்கென்ன என்றுதான் அஸ்தம்பட்டியில் பேசிக்கொண்டோம். அது உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. டெல்டாக்காரர்கள் இதை முன்னாடியே பட்டவர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது.

இருட்டை விட அங்கே ஜனங்களை வாட்டியது தண்ணிதான். வாசல் முழுக்க மழைத்தண்ணி நிற்கும், மாட்டுக்குக் காட்ட ஒரு குடம் இருக்காது. கவலை ஓட்டிய காலத்துக் கிணறாக இருந்தால் ஒரு வாளியும் கயிறும் போதும், சேந்திக்கலாம். 600 அடி போரில் எந்த வாளியை விடுவீங்க? அதனால், கிணறு இருப்பவர்கள் தயவுசெய்து அதை மூடாதீங்க. ஒரு ராட்டினம் மாட்டி வையுங்க. போர் மட்டும் இருப்பவர்கள் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து, மழை எச்சரிக்கை வந்த அன்றைக்கே நிரப்புங்க. இரண்டு கறவை, ஒரு கன்று, நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாளைக்கு 200 லிட்டர் என்று வைத்தாலும் ஐந்து நாள் தாங்கும்.

வெளிச்சம் சின்ன விஷயம். குளிர்காலத்தில் ஃபேன் வேண்டாம். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு எரிய ஒரு நாள் தாராளமாக வரும், சாயங்காலம் மட்டும் போட்டால் நாலைந்து நாள். அதிலேயே போர் மோட்டாரையும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீங்க. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. அரைக்க அம்மியும் ஆட்டுக்கல்லும் இருக்கே, அதைக் கொல்லைப்புறத்தில் போட்டு வைத்திருப்பதை எடுங்க.

இப்போது எல்லோரும் கேட்பது சோலார். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், வங்கிக் கடனும் உண்டு. நல்ல திட்டம்தான், பில் குறையும். ஆனால் விற்பவர் பல சமயம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிரிட்டோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கூரை மேல் வெயில் அடித்துக்கொண்டே இருந்தாலும் வீட்டில் பல்பு எரியாது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் நம்ம கரண்டு பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். கரண்டு போன நேரத்துக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேட்க வேண்டும், விலை கூடும். முப்பது வருஷம் கடன் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொட்டேஷனில் 'பேட்டரி' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கிணற்று மோட்டாருக்கு லைனோடு சேராத தனி சோலார் பம்ப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. மழை மூட்டத்தில் குறைவாக இறைக்கும், அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று. அதை வீட்டுப் பிளக்கில் சொருகி ஓட்டாதீங்க. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் அந்தக் கரண்டு லைனுக்குத் திரும்பிப் போகும். மழையில் நனைந்துகொண்டு நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒயர்மேன்தான் சாவார்.