நடிகையின் கையில் எழுதுகோல்

பானுமதி என்றதும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘மதுரை வீரன்’, ‘அம்பிகாபதி’ முதலிய படங்களின் கதைத்தலைவியே தமிழ்ச் சுவைஞர்களின் நினைவில் எழுவார். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் ஆகியோருக்கு இணையாக நடித்தவர் என்பதோடு அவருடைய வரலாற்றை முடித்துவிடுவது பெரும்பிழை. அவர் கதை எழுதினார், படம் தயாரித்தார், இயக்கினார். அவற்றையெல்லாம் நடிப்பின் நிழலில் மறைத்துவிட்டோம்.

ஆந்திரத்தின் ஓங்கோல் பகுதியில் 1925ஆம் ஆண்டு பிறந்த பானுமதி, 1939இல் வெளிவந்த ‘வரவிக்ரயம்’ என்னும் தெலுங்குப் படத்தில் அறிமுகமானார். மணக்கொடைக் கொடுமையைப் பேசிய படம் அது. தந்தையிடம் இசை பயின்றவராதலின், நடிகையருக்கு இரவல் குரல் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிய பின்னரும் தம் பாடல்களைத் தாமே பாடினார். இயக்குநர் இராமகிருஷ்ணாவை மணந்தபின், இருவரும் தம் மகன் பரணியின் பெயரால் படநிறுவனம் தொடங்கினர். படப்பிடிப்பு நிலையமும் அமைத்தனர்.

அந்நிறுவனத்தின் ‘சண்டிராணி’ 1953இல் தமிழ், தெலுங்கு, இந்தி என மும்மொழிகளில் வெளிவந்தது. இயக்கியவர் பானுமதி, அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்கு இரட்டை வேடம் வேறு! கணினி நுட்பம் இல்லாத காலம். ஒளிப்படக் கருவிக்கு முன்னே இரு பெண்களாக நடிக்க வேண்டும்; பின்னே நின்று அவ்விருவரையும் எடைபோடவும் வேண்டும். மூன்று மொழிகளின் உரையாடலையும் நாவில் தாங்க வேண்டும். இன்று எண்ணினாலும் இது வியப்பே.

பானுமதியைச் ‘செருக்குடையவர்’ என்றனர் பலர். ‘மிஸ்ஸம்மா’ படத்தில் நடிக்கத் தொடங்கியவர், தயாரிப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கால் விலக நேர்ந்தது. அவ்வேடம் சாவித்திரிக்குச் சென்று, அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. பானுமதிக்கு அது இழப்பே. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஆடவர் ஒருவர் இவ்வாறு உறுதி காட்டியிருப்பின் அதனைக் ‘கண்டிப்பு’ என்று போற்றியிருப்பர். பிறர் அழைப்புக்காகக் காத்திருக்கும் நடிகைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது எளிதன்று. சொந்த நிறுவனமும் எழுதுகோலும் உடையவருக்கே அச்சொல் வாய்க்கும். இதனைச் செருக்கு என்றவர்கள், அதற்கு அடித்தளமாக நின்ற உழைப்பைக் காணவில்லை.

எழுத்தில் அவர் காட்டிய முகமோ முற்றிலும் வேறு. ‘அத்தகாரி கதலு’ என்னும் மாமியார் கதைகளில், வீட்டை ஆளும் மாமியாரின் அதிகாரத்தையும் வெள்ளை மனத்தையும் மருமகள் நகைச்சுவையோடு சொல்கிறாள். அங்கே சண்டையும் உண்டு, பகை இல்லை. திரையில் கண்களாலேயே அதட்டியவர், ஏட்டில் அடுக்களைப் பூசல்களைக் கண்டு சிரிக்கிறார். மாமியார் கொடுமையைக் கண்ணீராகவே காட்டிப் பழகிய திரையுலகிலிருந்து இப்படியொரு சிரிப்பு வந்ததுதான் புதுமை.

பிற்காலத்தில் தன்வரலாறும் எழுதினார். ‘நாலோ நேனு’ என்பது அதன் பெயர். ‘என்னுள் நான்’ என்பது பொருள். திரைப்படம் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது அந்நூலுக்குக் கிடைத்தது.